சுற்றுச்சூழல் கட்டணமும் மாநிலக் கருவூலமும்

ஒரு மாநில அரசு சுற்றுச்சூழல் விதியொன்றை மாற்றும்போது அதன் வரவு செலவுக் கணக்கும் கூடவே மாறுகிறது. ஒரு தொழிலுக்கு இனி மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை தேவையில்லை என்று அறிவித்தால், அந்தத் தொழில் கட்டிவந்த கட்டணம் நின்றுபோகிறது. கழிவுநீருக்கான அளவீடுகளைக் கடுமையாக்கினால், சோதித்துப் பார்க்க ஆளும் ஆய்வகமும் வேண்டும். சுத்திகரிப்பு நிலையம் கட்ட உதவி கேட்டுத் தொழில் துறையும் அரசிடம் வரும். விதியைத் தளர்த்தினால் அந்த ஆண்டுச் செலவு மிச்சமாகும். ஆனால் ஆற்றில் கலந்த கழிவுக்கான செலவு பத்து, இருபது ஆண்டுகள் கழித்து வேளாண்மை, குடிநீர், வருவாய்த் துறைகளின் கணக்கில் வந்து சேரும். இவற்றுள் கட்டண இழப்பை மட்டுமே உடனே கணக்கிட முடிகிறது. மற்றவற்றை முன்கூட்டியே கணக்கிடும் பழக்கம் இந்திய மாநிலங்களில் இன்னும் வேரூன்றவில்லை.

கட்டண மாற்றத்தின் விளைவு, பணம் எந்தக் கணக்கில் விழுகிறது என்பதைப் பொறுத்தது. வரியாக வருவது மாநிலத் தொகுப்பு நிதியில் சேர்கிறது. சட்டமன்றத்தின் ஒப்புதலோடு எந்தத் துறைக்கும் அதைச் செலவிடலாம். தொழிற்சாலைகள் கட்டும் இசைவாணைக் கட்டணம் அப்படியல்ல. 1974ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 37ஆம் பிரிவு ஒவ்வொரு மாநில வாரியத்துக்கும் தனி நிதியை ஏற்படுத்தியது. கட்டணம், மானியம், நன்கொடை அனைத்தும் அதில் சேர்ந்து, வாரியத்தின் செலவுகள் அதிலிருந்தே நடக்கின்றன. எனவே இசைவாணைக் கட்டணம் குறைந்தால் மாநில வரவு செலவுத் திட்டத்தின் வருவாய்ப் பக்கத்தில் பள்ளம் எதுவும் தெரியாது. பள்ளம் விழுவது வாரியத்தின் நிதியில். ஆய்வாளர் பணியிடம் நிரப்பப்படாமல் கிடப்பதிலும், மாதிரி எடுக்கும் எண்ணிக்கை குறைவதிலும்தான் அது வெளிப்படும். நாடு முழுவதும் மாசு கட்டுப்பாட்டு வாரியங்களின் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் ஏறத்தாழப் பாதி காலியாகக் கிடப்பதாக மத்திய அரசின் கணக்குகளே காட்டியிருக்கின்றன. அதே வேளையில் சில வாரியங்கள் செலவிடாத தொகையை வங்கி வைப்புகளில் போட்டு வைத்திருக்கின்றன. பணம் இருந்தும் ஆள் எடுக்க அரசின் ஒப்புதல் கிடைக்காத நிலையும் உண்டு. ஆகவே கட்டணத்தை உயர்த்துவதால் மட்டும் கண்காணிப்பு உயர்ந்துவிடாது.

தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் 1982 பிப்ரவரி 27 அன்று அமைக்கப்பட்டது. தொழிற்சாலையைத் தொடங்கும் முன் நிறுவுவதற்கான இசைவாணை, உற்பத்தி தொடங்கும் முன் இயக்குவதற்கான இசைவாணை என இரு கட்டங்களில் அது அனுமதி வழங்குகிறது. கட்டணம் தொழிற்சாலையின் மொத்த நிலைச் சொத்து மதிப்பையும், மாசுபடுத்தும் அளவைக் காட்டும் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்ற அதன் வகைப்பாட்டையும் பொறுத்து அமைகிறது. சொத்து மதிப்பை அடிப்படையாகக் கொள்வதில் நிர்வாக வசதி உண்டு. அதைத் தணிக்கையாளரின் சான்றிதழிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கழிவுநீரை அளக்க வேண்டியதில்லை. நிலமும் இயந்திரமும் விலை ஏற ஏறக் கட்டணமும் தானே ஏறும் என்பதால் வாரியத்துக்கு நிலையான வருவாய் கிடைக்கிறது. குறையும் அதே இடத்தில்தான் இருக்கிறது. நூறு கோடி ரூபாய் முதலீட்டில் கழிவை முழுவதும் சுத்திகரிக்கும் ஆலையும், அதே முதலீட்டில் அரைகுறையாகச் சுத்திகரிக்கும் ஆலையும் ஒரே வகையில் இருந்தால் ஒரே கட்டணம்தான். சுத்திகரிப்பு இயந்திரத்தின் விலையும் சொத்துக் கணக்கில் சேருமானால், நல்ல இயந்திரம் வாங்கியவர் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும். இந்தக் கட்டணம் வாரியத்தை நடத்த உதவுகிறதே தவிர, மாசைக் குறைக்கத் தூண்டுவதில்லை.

மாசோடு நேரடித் தொடர்புள்ள கட்டணத்தை இந்தியா ஒருமுறை முயன்று பார்த்தது. வாரியங்களின் நிதியைப் பெருக்குவதற்காகவே 1977இல் தண்ணீர் செஸ் சட்டம் இயற்றப்பட்டது. தொழிற்சாலைகளும் உள்ளாட்சி அமைப்புகளும் பயன்படுத்தும் தண்ணீருக்கு அந்த செஸ் விதிக்கப்பட்டது. மாநிலம் அதை வசூலித்து தில்லிக்கு அனுப்பும். மத்திய அரசு அதில் 80 சதவீதத்தை மாநில வாரியங்களுக்குத் திருப்பித் தரும். 2003இல் திருத்தப்பட்ட விகிதப்படி, குளிர்விக்கவும் கொதிகலனுக்கும் எடுக்கும் தண்ணீருக்குக் கிலோலிட்டருக்கு 5 பைசா, வீட்டுப் பயன்பாட்டுக்கு 2 பைசா, எளிதில் மட்கும் கழிவு கலக்கும் தண்ணீருக்கு 10 பைசா, நச்சுக் கழிவு கலக்கும் தண்ணீருக்கு 15 பைசா. விதிகளைப் பின்பற்றாதவர்களுக்கு விகிதம் உயரும். நச்சுக் கழிவுக்கு அது 30 பைசா. சுத்திகரிப்பு நிலையம் வைத்திருப்பவர்களுக்குத் தொடக்கத்தில் 70 சதவீதத் தள்ளுபடி இருந்தது. 1991ஆம் ஆண்டின் திருத்தம் அதை 25 சதவீதமாகக் குறைத்தது. வாரியத்துக்கு வருவாய் கூடியது. சுத்திகரிப்பவருக்கு இருந்த ஊக்கம் குறைந்தது. ஒரே கட்டணத்திடம் வருவாயையும் ஒழுங்கையும் சேர்த்து எதிர்பார்க்கும்போது இந்த இழுபறி தவிர்க்க முடியாதது.

அந்த விகிதங்கள் எவ்வளவு சிறியவை என்பது திருப்பூரின் கணக்கோடு வைத்துப் பார்த்தால் புரியும். நாளொன்றுக்கு ஆயிரம் கிலோலிட்டர் தண்ணீர் எடுக்கும் ஒரு சாயப்பட்டறை, 15 பைசா விகிதத்தில் ஒரு நாளைக்குக் கட்ட வேண்டிய செஸ் 150 ரூபாய். ஆண்டு முழுவதும் ஓடினாலும் 54,750 ரூபாய்தான். திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றின் பாசன விவசாயிகள் தொடர்ந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில், சாயப்பட்டறைகள் விடும் கழிவுநீருக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கிப் படிப்படியாக 10 பைசா வரை அபராதம் விதித்தது. லிட்டருக்கு 6 பைசா என்றால் கிலோலிட்டருக்கு 60 ரூபாய். நச்சுக் கழிவுக்கான செஸ்ஸைப் போல் 400 மடங்கு. அதே கழிவுநீரைச் சவ்வூடு முறையில் வடிகட்டி, மிஞ்சும் உவர்நீரை ஆவியாக்கி, ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்கக் கிலோலிட்டருக்கு நூறு ரூபாய்க்கும் மேல் செலவாகிறது. செஸ் பைசாக் கணக்கிலும் சுத்திகரிப்பு நூற்றுக்கணக்கான ரூபாயிலும் இருந்த வரை, செஸ்ஸைக் கட்டிவிட்டுக் கழிவை ஆற்றில் விடுவதுதான் வணிகக் கணக்குக்குச் சரியாக வந்தது. சாயநீர் நொய்யலின் ஓரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. அதன் கீழே இருந்த விவசாயிகளின் வயல்கள் உப்பேறின.

அந்த உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2009இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அது நிறைவேறாததால் 2011 ஜனவரி இறுதியில் உயர் நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. ஒழுங்குமுறையின் செலவு அதன் பிறகுதான் மாநில வரவு செலவுத் திட்டத்துக்குள் நேரடியாக நுழைந்தது. பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் மீண்டும் இயங்க மாநில அரசு 200 கோடி ரூபாயை வட்டியில்லாக் கடனாகக் கொடுத்தது. வட்டியில்லாக் கடனும் ஒரு மானியம்தான். அரசு தான் வாங்கும் கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டே அதைக் கொடுக்கிறது. ஆனால் கணக்கில் அது கடன்கள், முன்பணங்கள் என்ற தலைப்பின் கீழ்ச் சொத்தாக எழுதப்படுவதால், விட்டுக்கொடுத்த வட்டி வருவாய்ச் செலவில் எங்கும் தெரிவதில்லை. மாசைத் தொடக்கத்திலேயே தடுத்திருந்தால் இந்தத் தொகையின் பெரும்பகுதி தேவைப்பட்டிருக்காது என்று சொல்ல இடமுண்டு.

தண்ணீர் செஸ் 2017 ஜூலை 1 முதல் முடிவுக்கு வந்தது. ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்தபோது, வரிச் சட்டங்கள் திருத்தச் சட்டம் பல செஸ்களோடு சேர்த்து இதையும் நீக்கியது. மாநிலங்களின் வருவாய் இழப்பை ஆண்டுக்கு 14 சதவீத வளர்ச்சி என்ற கணக்கில் ஐந்தாண்டுகளுக்கு ஈடுசெய்வதாக மத்திய அரசு உறுதி கொடுத்தது. அந்த உறுதி ஜிஎஸ்டியில் கலந்த மாநில வரிகளுக்கு மட்டும்தான். தண்ணீர் செஸ் மத்திய அரசின் வரி. அதன் 80 சதவீதம் போய்ச் சேர்ந்தது வாரியங்களுக்கு. ஆகவே இழப்பீட்டுக் கணக்கில் அது இடம்பெறவில்லை. நாற்பது ஆண்டுகளாக வாரியங்களுக்கு வந்துகொண்டிருந்த ஒரு வருவாய் வழி, பெரிய விவாதம் எதுவும் இல்லாமல் அடைபட்டது. வாரியங்கள் இசைவாணைக் கட்டணத்தை முன்னிலும் அதிகமாகச் சார்ந்திருக்கத் தொடங்கின. தான் கட்டுப்படுத்த வேண்டிய தொழில்களின் கட்டணத்தையே நம்பி ஒரு வாரியம் நடப்பது ஆரோக்கியமான ஏற்பாடு அல்ல.

நிலக்கரிக்கான செஸ் வேறு வழியில் சென்றது. 2010 ஜூலையில் டன்னுக்கு 50 ரூபாயாகத் தொடங்கி, 2014இல் 100, 2015இல் 200, 2016இல் 400 ரூபாய் என உயர்ந்தது. தூய்மையான எரிசக்திக்கு நிதி திரட்டுவதே அதன் நோக்கமாகச் சொல்லப்பட்டது. 2017-18 வரை வசூலானது ஏறத்தாழ 86,440 கோடி ரூபாய். தூய எரிசக்தி நிதிக்கு மாற்றப்பட்டது 29,645 கோடி. திட்டங்களுக்குச் செலவானது 15,911 கோடி. மாநிலங்களுக்கு இதில் இரட்டை இழப்பு. அரசமைப்புச் சட்டத்தின் 270ஆம் பிரிவின்படி செஸ் வருவாய் மாநிலங்களோடு பகிரப்படுவதில்லை. ஆனால் அந்த செஸ்ஸைக் கட்டியவற்றில் மாநில அரசுகளின் சொந்த அனல்மின் நிலையங்களும் அடங்கும். ஒரு கோடி டன் நிலக்கரி எரித்தால் 400 கோடி ரூபாய் செஸ் ஆனது. மின்சாரம் ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பதால் அதைக் கழித்துக்கொள்ளவும் வழியிருக்கவில்லை. அது மின் உற்பத்திச் செலவில் ஏறி, ஒன்று மின் கட்டணமாக நுகர்வோரிடம் போனது, அல்லது மின்வாரியத்தின் இழப்பாகத் திரண்டு மாநில மானியமாக முடிந்தது.

2017இல் இந்த 400 ரூபாய் ஜிஎஸ்டி இழப்பீட்டு செஸ்ஸாகப் பெயர் மாறியது. சுற்றுச்சூழலுக்கென வந்த பணம் மாநிலங்களின் வரி இழப்பை நிரப்பப் போனது. 2025 செப்டம்பர் 22 முதல் அதுவும் நீக்கப்பட்டு, நிலக்கரிக்கான ஜிஎஸ்டி 5 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்ந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு வரிக்குப் பதில் இன்னொரு வரி. கணக்குப் போட்டால் வேறுபாடு தெரியும். டன் 1,000 ரூபாய் விலையுள்ள தரம் குறைந்த நிலக்கரிக்கு முன்பு 50 ரூபாய் ஜிஎஸ்டியும் 400 ரூபாய் செஸ்ஸும் சேர்த்து 450 ரூபாய். இப்போது 180 ரூபாய். டன் 8,000 ரூபாய் விலையுள்ள உயர்தர நிலக்கரிக்கு முன்பு 800 ரூபாய். இப்போது 1,440 ரூபாய். ஏறத்தாழ 3,077 ரூபாய்க்குக் கீழே விலையுள்ள நிலக்கரிக்கு வரி குறைந்திருக்கிறது, அதற்கு மேலே கூடியிருக்கிறது. சாம்பல் அதிகமுள்ள மலிவான நிலக்கரியே அதிகச் சலுகை பெற்றது. கருவூலத்தின் பக்கம் பார்த்தால், ஜிஎஸ்டியில் பாதி நுகரும் மாநிலத்துக்குப் போவதால் மாநிலங்களுக்கு இது நேரடி வருவாய். எடையின் மேல் இருந்த வரி விலையின் மேல் மாறியதில் மாநில நிதிக்கு நன்மையும் காற்றுக்குத் தீங்கும் ஒன்றாக வந்திருக்கின்றன.

மாசின் அளவைக் கொண்டே கட்டணம் விதித்தால் வேறொரு சிக்கல் எழுகிறது. அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத் திருத்தம், பெரிய ஆலைகளுக்கு அனுமதி வழங்கும் மாநிலத் திட்டங்களின் முழுச் செலவையும் ஆலைகளின் கட்டணத்திலிருந்தே திரட்ட வேண்டும் என்றது. வெளியேற்றும் மாசுக்கு டன்னுக்கு 25 டாலர் என்பதை அடிப்படையாக வைத்து, விலைவாசிக்கேற்ப ஆண்டுதோறும் உயர்த்திக்கொள்ளவும் வழிசெய்தது. திட்டம் வெற்றி பெற்றது, மாசு குறைந்தது, நிலக்கரி மின் நிலையங்கள் பல மூடப்பட்டன. அதனால் கட்டண வருவாயும் சரிந்தது. ஆனால் எஞ்சிய ஆலைகளுக்கு அனுமதி எழுதும் வேலையும் ஆய்வும் அதே விகிதத்தில் குறையவில்லை. வருவாய் சரிவதால் மாநிலத் திட்டங்கள் தள்ளாடும் ஆபத்தை அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமையின் உள்தணிக்கை அலுவலகம் 2014இலேயே சுட்டிக்காட்டியது. தமிழ்நாட்டு அரசின் டாஸ்மாக் மதுக்கடைகளில் காலி பாட்டிலுக்கென 10 ரூபாய் கூடுதலாக வாங்கித் திருப்பித் தரும் திட்டத்திலும் இதே இயல்பு உண்டு. 2022இல் நீலகிரியில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் திரும்பி வராத பாட்டிலின் 10 ரூபாய்தான் மிஞ்சும். எல்லாப் பாட்டில்களும் திரும்பிவிட்டால் எதுவும் மிஞ்சாது. மாசைக் குறைக்கும் கட்டணத்தை நிலையான செலவுகளுக்கான வருவாயாக எந்த அரசும் எண்ணக் கூடாது. சம்பளத்துக்கும் ஆய்வகத்துக்கும் மாறாத அடிப்படையுள்ள கட்டணம் வேண்டும். மாசைக் குறைக்க அதற்கு மேல் மாசின் அளவுக்கேற்ற தனிக் கட்டணம் வேண்டும்.

விதித் தளர்வால் வரும் இழப்பை மத்திய அரசே வெளிப்படையாக ஒப்புக்கொண்டு சரிக்கட்டிய நேரமும் உண்டு. 2024 நவம்பரில், மாசு மிகக் குறைந்த வெள்ளை வகையைச் சேர்ந்த 39 தொழில்களுக்கு இசைவாணை தேவையில்லை என்றும், சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற திட்டங்கள் நிறுவுவதற்கான இசைவாணையைத் தனியாகப் பெற வேண்டியதில்லை என்றும் அறிவிக்கை வந்தது. அதோடு, மாநிலங்களுக்கு வருவாய் இழப்பு நேராதபடி நிறுவுவதற்கான இசைவாணைக் கட்டணத்தை அந்தத் தொழில்கள் தொடர்ந்து கட்ட வேண்டும் என்றும் மத்திய அரசு தெரிவித்தது. நிதி நோக்கில் இது பொறுப்பான முடிவு. சட்ட நோக்கில் ஒரு கேள்வி தொக்கி நிற்கிறது. கட்டணத்துக்கும் வரிக்கும் உள்ள வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் 1954இல் சிரூர் மடம் வழக்கில் வகுத்தது. சென்னை மாகாண இந்து அறநிலையச் சட்டம் மடங்களிடம் வாங்கிய பங்குத்தொகை, கொடுக்கும் சேவையோடு தொடர்பில்லாததால் வரியே என்று அப்போது தீர்ப்பானது. பின்னாளில் நீதிமன்றங்கள் இந்த அளவுகோலைத் தளர்த்தின. ஆயினும் தனி ஆணையே வழங்காமல் அதற்கான கட்டணத்தை மட்டும் தொடர்ந்து வாங்குவது, அந்த எல்லைக்கு மிக அருகில் நிற்கிறது.

தண்டனைகளிலும் கணக்கு மாறியிருக்கிறது. 2023ஆம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் சட்டம் காற்று மாசுச் சட்டத்திலும் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்திலும் பல குற்றங்களுக்குச் சிறைத் தண்டனையை நீக்கி, 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதமாக்கியது. நீர் மாசுச் சட்டத்துக்கான அதே மாதிரித் திருத்தம் 2024இல் வந்தது. அது அரசமைப்பின் 252ஆம் பிரிவின் கீழ் இயற்றப்பட்டதால், தீர்மானம் நிறைவேற்றி ஏற்கும் மாநிலங்களுக்கே பொருந்தும். முதலில் இமாச்சலப் பிரதேசமும் ராஜஸ்தானும் ஏற்றன. இன்னொரு பக்கம், வாரியங்களே சுற்றுச்சூழல் இழப்பீடு விதிக்கலாம் என்பதை 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது; அதற்கு முன் விதிகள் வகுக்க வேண்டும் என்றும் சொன்னது. மத்திய வாரியத்தின் சூத்திரம், மாசு வகைக்கான எண், மீறிய நாட்கள், ஒரு தொகைக் காரணி, தொழிலின் அளவு, ஊரின் மக்கள்தொகை ஆகியவற்றைப் பெருக்குகிறது. சிறிய ஊரிலுள்ள சிவப்பு வகைச் சிறுதொழில் ஒன்றுக்கு வகை எண் 80, தொகைக் காரணி 250, தொழிலின் அளவுக்கான 0.5 ஆகியவற்றைப் பெருக்கினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய். பெருநிறுவனமாக இருந்தால் 0.5க்குப் பதில் 1.5, அப்போது 30,000 ரூபாய். பல ஆயிரம் கோடி விற்பனையுள்ள ஆலைக்கு இந்தத் தொகை உறைக்காது. தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலைக்கு 2013இல் உச்ச நீதிமன்றம் 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தபோது நிறுவனத்தின் நிதி வலிமையைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. சூத்திரமும் அந்த வழியில் திருத்தப்பட வேண்டும்.

ஒழுங்குமுறை தளர்ந்ததன் முழுச் செலவையும் ஒரே இடத்தில் காட்டும் வழக்கு பாலாற்றினுடையது. பாலாறு பாயும் வேலூர்ப் பகுதித் தோல் தொழிற்சாலைகளின் கழிவு நிலத்தையும் கிணறுகளையும் கெடுத்ததை ஏற்று, 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. இழப்பை மதிப்பிடத் தனி ஆணையமும் அமைக்கச் சொன்னது. அந்த ஆணையம் 2001இல் 29,000க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு ஏறத்தாழ 26.82 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. தொகை முழுவதும் போய்ச் சேரவில்லை, மாசும் நிற்கவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம், எஞ்சியவர்களுக்கான இழப்பீட்டை ஆறு வாரங்களுக்குள் மாநில அரசே கொடுத்துவிட்டு, பிறகு அதை மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவிட்டது. மாசுபடுத்தியவரே கொடுக்க வேண்டும் என்ற நெறியோடு, தடுக்கத் தவறிய அரசும் கொடுக்க வேண்டும் என்பது சேர்ந்துவிட்டது. 1990களில் ஆலைகளிடம் வசூலித்திருக்க வேண்டிய தொகைக்கு இப்போது தமிழ்நாட்டின் வரி செலுத்துவோர் முன்பணம் கட்டுகிறார்கள். மூடிப்போன ஆலைகளிடமிருந்து அது எப்படித் திரும்பி வரும் என்பதற்கு எளிய விடை இல்லை.

காட்டு நிலத்தை வேறு பயனுக்கு மாற்றும்போது வாங்கும் தொகையிலும் கணக்குத் தலைப்பே பெரிய வேறுபாட்டை உண்டாக்கியது. ஆண்டுக்கணக்கில் மத்தியில் தேங்கியிருந்த இழப்பீட்டுக் காடுவளர்ப்பு நிதியிலிருந்து 2019 ஆகஸ்டில் 47,436 கோடி ரூபாய் மாநிலங்களுக்கு மாற்றப்பட்டது. அது தொகுப்பு நிதிக்குப் போகாமல் பொதுக் கணக்கில் வைக்கப்பட்டதால், வருவாய்ப் பற்றாக்குறையை மறைக்க அதைப் பயன்படுத்த இடமில்லாமல் போனது.

இவ்வளவு விளைவுகளும் விதி மாறும் நாளில் ஏன் எழுதப்படுவதில்லை என்பதற்குக் காரணம் நடைமுறையில் இருக்கிறது. மக்களவையின் விதிகளின்படி, செலவு உண்டாக்கும் மசோதாவோடு நிதிக் குறிப்பாணை இணைக்கப்பட வேண்டும். ஆனால் சுற்றுச்சூழல் விதிகள் பெரும்பாலும் அறிவிக்கையாலும் அரசாணையாலும் மாறுகின்றன. அவற்றுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. மசோதாவாகவே வந்தாலும் குறிப்பாணை பேசுவது செலவைத்தான், இழக்கும் வருவாயை அல்ல. கலிபோர்னியாவில் ஒரு துறை விதியை மாற்ற வேண்டுமானால், பொருளாதார, நிதி விளைவு அறிக்கைக்கான 399ஆம் எண் படிவத்தை நிரப்ப வேண்டும். மாநில அரசுக்கும் உள்ளாட்சிகளுக்கும் எவ்வளவு செலவு, எவ்வளவு மிச்சம் என்பதை அதில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். மதிப்பீடு தவறாகப் போகலாம்; ஆனாலும் அது பதிவாகிறது, பிறகு ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது.

தமிழ்நாடு இதைச் செய்யப் புதிய சட்டம் தேவையில்லை. நீர் மாசுச் சட்டத்தின் 39ஆம் பிரிவின்படி வாரியத்தின் ஆண்டறிக்கை ஏற்கெனவே சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். அந்த ஆண்டில் மாறிய ஒவ்வொரு விதிக்கும் கட்டணத்துக்கும், வாரியத்தின் நிதிக்கும் மாநிலக் கருவூலத்துக்கும் ஏற்பட்ட வரவு செலவையும், விதித்த இழப்பீட்டில் வசூலானதையும் அந்த அறிக்கையில் ஒரு பட்டியலாகச் சேர்க்க அரசு ஆணையிட வேண்டும். சட்டமன்ற உறுப்பினர்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.